தலகாணிக்கு அரை டிக்கெட்

பைபாஸ் ஆபரேஷன் முடிந்ததும், இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள அப்பாவுக்கு ஒரு தலையணை கொடுத்தார்கள்.

மூன்று மாதமாகிவிட்டது. இனி தேவையில்லை என்று டாக்டர் சொல்லியும் அப்பா அதை விடவில்லை. தையல் பிரிந்துவிடும் என்று பயந்து சிரிப்பதையும் விட்டுவிட்டார்.

இன்று ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி முடிந்து, புதுவயல் டவுன் பஸ்ஸில் திரும்பினோம்.

"மகளுக்கு ஃப்ரீ. நீங்க எங்கண்ணே தலகாணியோட கெளம்பிட்டீக? அதுக்கு அரை டிக்கெட் போடவா?" என்றார் கண்டக்டர்.

"இதுவும் பொம்பளப் புள்ளதான். ஃப்ரீயாப் போடுங்க!" என்றார் அப்பா.

பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கூட்டத்தில் வாயே திறக்காத நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, தலையணையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டோம்.

"போனாப் போகுது" என்றார் அப்பா.

யார் கண்ணிலாவது பட்டால், தயவுசெய்து திருப்பித் தந்துவிடாதீர்கள்!