தொண்ணூற்றாறும் மாட்டு டாக்டரும்

என் மகள் இன்னும் டாக்டர் ஆகவில்லை என்று சொல்லிச் சொல்லியே அந்த வருஷம் எனக்குத் தொண்டை வறண்டது. பி.யு.சி. இரண்டாம் வருஷத்தில், அதாவது பிளஸ் டூவில், தொண்ணூற்றாறு சதவீதம் வாங்கினாள், அவ்வளவுதான். ஓசூர் எல்லை தாண்டி இந்தப் பக்கம் சந்தாபுராவில் என் கடைக்கு தோசை மாவு வாங்க வருகிறவர்கள் அன்றிலிருந்து, "டாக்டரம்மா எங்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டினார்கள். பின்தெருப் பெரியவர் ஒருவர் கடையில் நின்ற அவள் முன்னாலேயே வேட்டியை ஒதுக்கி முழங்காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்தே விட்டார்.

"பாரும்மா, இங்கதான் குத்துது."

"தாத்தா, எனக்கு இன்னும் சீட்டே கிடைக்கல."

"தொண்ணூத்தாறு வாங்கிட்டே. சீட்டு என்னா பெரிய விஷயம்?"

விஷயமே அதுதானே! டாக்டர் படிப்புக்கு நீட் ரேங்க்தான் கணக்கு. பி.யு.சி. மார்க் வாசற்படி தாண்டுவதற்கு மட்டும். பாதிக்கு மேல் வாங்கியிருந்தால் உள்ளே விடுவார்கள். அதற்கப்புறம் அறுபதும் ஒன்றுதான், தொண்ணூற்றாறும் ஒன்றுதான். மாவு அளந்துகொண்டே இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "எதுக்கும் டாக்டரம்மாவை ஒரு தடவை பாக்கச் சொல்லு" என்பார்கள்.

ஊரையாவது விடலாம். ஓசூரில் இருக்கும் என் அண்ணனை என்ன செய்ய? அவர் தெருப் பையன் ஒருவன் பல வருஷம் முன்பு பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து எல்லைக்கு அந்தப் பக்கம் மெடிக்கல் சேர்ந்தான். அப்போது அங்கே சட்டம் அப்படி. பிறகு அங்கேயே அது மாறிவிட்டது. இவர் மாறவில்லை. பஸ் ஏறி அத்திபெலே எல்லை தாண்டி வரும்போதெல்லாம் அந்தப் பழைய சட்டத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வருவார். பி.யு.சி. ரிசல்ட் வந்த வாரமே பாதுஷா டப்பாவோடு ஒரு ஸ்டெதஸ்கோப்பும் வாங்கி வந்தார். தாய்மாமன் சீராம். பெண் பார்க்கவே போகவில்லை, தொட்டில் வந்துவிட்டது!

நீட் ரிசல்ட் வந்தது. அவள் ரேங்க்குக்கு அரசுச் சீட்டு எட்டவில்லை. தனியார் கல்லூரிப் பக்கம் நாங்கள் தலைவைத்தும் படுக்க முடியாது. அண்ணன் போனில் கத்தினார்: "கம்ப்யூட்டர்ல தப்பு. தொண்ணூத்தாறு எடுத்த புள்ளைக்கு எப்படி வராம போவும்?"

கூடவே அவள் இங்கத்து நுழைவுத் தேர்வான சி.இ.டி.யும் எழுதியிருந்தாள். கால்நடை மருத்துவத்துக்கு அதில் எடுத்தது பாதி, பி.யு.சி. மார்க் பாதி. மனிதர் பக்கம் செல்லாத தொண்ணூற்றாறு மாட்டுப் பக்கம் செல்லுபடியானது. சீட்டு வந்தது. மறுநாள் மாலைக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும்.

விடிந்ததும் அண்ணன் கடை வாசலில் நின்றார்.

"மாட்டு டாக்டரா? வேணாம்னு எழுதிப் போடு. ஒரு வருஷம் வீட்டுல உக்காந்து மறுபடி நீட் எழுதட்டும்."

"உக்காரப் போறது அவ. அவளைக் கேளுண்ணா."

"சின்னப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்?"

நான் கரண்டியை மாவிலேயே போட்டேன். "டாக்டர் டாக்டர்னு ஊரே கூப்பிட்டீங்க. உனக்கு என்னா வேணும்னு ஒருத்தர் கேட்டீங்களா?"

கேட்ட பிறகுதான், நானும் கேட்கவில்லையே என்று உறைத்தது. மகள் உள்ளேயிருந்து வந்தாள்.

"இன்னொரு வருஷம் அதே ரூம்ல அதே புக்கா? என்னால முடியாது மாமா. நான் இதுக்குப் போறேன்."

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சரியாத்தான் சொல்லி வச்சான். ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க!"

பழமொழி என்றால் நான் உயிரை விடுவேன். ஆனால் அன்று அதைப் பிடுங்கி மாவில் போட்டு அரைக்கத் தோன்றியது. அவளோ சிரித்தாள்.

"கழுதைக்கும் காய்ச்சல் வரும் மாமா. அதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?"

போனை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே சீட்டை ஏற்றுக்கொண்டாள். பாத்திரத்தோடு காத்திருந்த பின்தெருப் பெரியவருக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

"அப்ப என் முழங்காலு?"

அண்ணன் ஒரு காபியைக் குடித்து முடித்தார். ஆணியில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, குழாயை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, மாட்டுக்கு இந்த நீளம் பத்துமா?"