தளர்த்திய முளைகள்

அந்த அம்மாளின் விரலை உடைத்தவன் நான்தான். பந்து தானாக எகிறவில்லை. எகிற வைத்தேன்.

இதைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. நேரில் சொல்ல நாக்கு எழாது. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத உங்களுக்கு எழுதுகிறேன்.

கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையின் விளையாட்டு மைதானத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த அம்மாள் ஆலை மேனேஜர் துரையின் தங்கை. சீமையில் பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைவி. சிறு வயதில் அண்ணன்மார் அவரைப் பந்து பொறுக்கத்தான் சேர்த்துக்கொண்டார்களாம். பிறகு பள்ளிக்கூட வேலைக்குப் போன இடத்தில், பெண்களைத் திரட்டித் தாமே ஓர் அணி சேர்த்தாராம். பார்க்க வந்தவர்கள் அவர்கள் பாவாடையோடு ஆடுவதைச் சுட்டிச் சிரித்தார்களாம். அத்தனையும் தாண்டி, முதல் தடவையாகக் கடல் கடந்து அணியை நடத்தப் போகிறார். ஆஸ்திரேலியா போகும் கப்பலில் அணி வரும். அண்ணனைப் பார்க்க முன்னதாகவே வந்துவிட்ட இவர் கொழும்பில் ஏறிக்கொள்ள வேண்டும். துரையின் டிரைவர் சொன்னது இது.

அதுவரை காலைதோறும் மைதானத்தில் ஆடிப் பழகினார். பந்து போட்டவன் நான். எப்படிப் போட்டாலும் அடித்தார். ஆலை ஆட்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் என் மச்சினன் வேலுச்சாமி.

"ஏனுங்க மாமா, இன்னைக்காச்சும் அம்மணி அவுட்டானாங்களா?"

"இல்லப்பா."

"ஒண்ணு பண்ணுங்க. நீங்க பேட்டப் புடிங்க, அவங்க பந்து போடட்டும். அதையும் உட்டுப்போடுவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் அவன் அதைச் சொன்னபோது என் மனைவியும் சிரித்தாள்.

எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. இறுகிய மண்மேல் தேங்காய் நார்ப் பாயை விரித்து, சுற்றிலும் இரும்பு முளை அடித்து இழுத்துக் கட்டுவேன். பாய் விறைப்பாக இருந்தால் பந்து ஒழுங்காக எழும். தொய்ந்தால் எங்கே குதிக்கும் என்று சொல்ல முடியாது. முதல் சில நாட்கள் அந்த அம்மாள் காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "ரங்கசாமி கட்டினால் சரி" என்று விட்டுவிட்டார்.

விட்டுவிட்டாரே... அதனால்தானே எனக்குத் துணிவு வந்தது!

ஒருநாள் காலை இரண்டு முளைகளைத் தளர்த்தினேன். ஒரே ஒரு தடவை அவர் பின்னால் நட்ட ஸ்டம்புக் குச்சி விழட்டும் என்றுதான் நினைத்தேன். கையில் படும் என்று தெரியாதா? பன்னிரண்டு வருடம் அந்தப் பாயைக் கட்டியவன் நான். தெரியும்.

பந்து தொய்வில் குத்தி எகிறியது. வலக்கை ஆள்காட்டி விரலை மட்டைப் பிடியோடு நசுக்கியது. கீழே விழுந்து, உருண்டு, குச்சியைத் தட்டியது. வேலியோரம் கை தட்டினார்கள். நான்... சிரித்தேன்.

அவரை டாக்டரிடம் அழைத்துப் போனதும் முளைகளை இறுக்கினேன். பின்னர் துரை வந்து பாயை மிதித்துப் பார்த்தார். விறைப்பாக இருந்தது.

விரல் கோணலாகக் கூடியது. தந்தி வந்தது, வேறொருவரைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். அவர் கொழும்புக்குப் போகவில்லை. ஊர் திரும்பினார். அதன்பின் மட்டையே தொடவில்லையாம்.

புறப்படும் நாளில் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பந்தை இடக்கையால் நீட்டினார். பட்லரிடம் கற்ற தமிழில் சொன்னார்: "நல்ல பந்து, ரங்கசாமி. உன் தப்பு இல்லை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரிங்கம்மா" என்றேன்.

இன்று ஆலையில் நான் சீமைக் கேப்டனை அவுட்டாக்கியவன். யாரும் கேலி செய்வதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வேலுச்சாமி அன்னூரிலிருந்து ஒரு விருந்தாளியைக் கூட்டி வந்தான்.

"மாமா, அந்தப் பந்த எடுங்க. இவரு பாக்கோணுமாமா."

எடுத்துக் கொடுத்தேன். அவர் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "எப்படிங்க போட்டீங்க?" என்று கேட்டார்.

பந்தை வாங்கி, விரல்களை மடக்கிப் பிடித்துக் காட்டினேன்.