அசையாத நாய்கள்

அந்தப் பள்ளியில் எல்லோரும் அவளை 'ஊசிவேண்டாம் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி. ஒரு நாயைப் பயிற்சிக்கோ இனவிருத்திக்கோ எடுப்பதற்கு முன் அதன் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருந்தால் நாய் தேறிவிடும். விலகியிருந்தால் இல்லை. அப்படிப்பட்ட மூட்டு சில வருடங்களில் தேய்ந்து காலை இழுக்க வைக்கும். இருபத்திரண்டு வருடங்களாக அந்தப் படங்களை எடுத்தவள் அவள்.

கட்டடத்தின் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறை. மேசைமேல், நீளவாக்கில் பிளந்த குழாய் மாதிரி ஒரு தொட்டில். நாயை அதில் மல்லாத்திப் படுக்க வைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் நேராக இழுத்து, முழங்கால் சில்லு நடுவில் வரும்படி உள்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். எந்த நாய்க்கும் இது பிடிக்காது. மற்ற இடங்களில் மயக்க ஊசி போட்டுவிடுவார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஊசி போட்ட நாய் ஒன்று எழுந்திருக்கவில்லை. பழைய டாக்டர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். அவள் ஈயக் கவசத்தைக் கழற்றாமல் பக்கத்தில் நின்றாள். அதற்கு அடுத்த நாய் வந்தபோது "ஊசி வேண்டாம்" என்றாள். வயிற்றைத் தடவிக் கொடுத்தாள். கால்களை இழுத்துப் பிடித்தபடி தொண்டைக்குள் எதையோ முனகினாள். நாய் அசையவில்லை. படம் பளிச்சென்று வந்தது.

அதன்பிறகு எந்த நாயும் அசையவில்லை. வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்தான் முன்னங்கால்களைப் பிடிப்பார். "ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்து முனகிட்டுப் போம்மா. வீட்டுக்காரி வாய் மூடி நான் பார்த்ததே இல்ல" என்பார்.

அவளுடைய தம்பிக்குப் பத்தொன்பது வயதில் பார்வை போனது. அவன் கீழ்வீட்டில், அவள் மாடியில். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் அறையில் அவனுக்கு வேலை. தினமும் ஆறு வரிசையாக வண்டிகள் ஓடும் சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். ஐந்து வருடங்களுக்கு முன் பள்ளி அவனுக்கு ஒரு நாய் கொடுத்தது. அவன் அதைத் துரை என்று கூப்பிட்டான்.

"துரை முன்னாடி போவார், நான் பின்னாடி போவேன். எங்க ரெண்டு பேர்ல ஆபீசர் யாருன்னு வாட்ச்மேனுக்கே சந்தேகம்."

துரைக்குப் படம் எடுத்தது அவள். துரையின் தாய்க்கு எடுத்ததும் அவள். இரண்டும் நல்ல படங்கள். தம்பியிடம் அவளே சொன்னாள்: "இதை விட நல்ல இடுப்பு நான் பார்த்ததில்லடா."

போன வருடம் பழைய டாக்டர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவள் வயதில் சின்னவள், அதிகம் பேசாதவள். வந்த வாரமே, இனவிருத்திக்குத் தேர்ந்த பெட்டை நாய் ஒன்றை மறுபடி கொண்டுவரச் சொன்னாள். முதலில் ஊசிவேண்டாம் அக்கா தன் வழக்கப்படி ஒரு படம் எடுத்தாள். பிறகு டாக்டர் ஊசி போட்டு ஒன்று எடுத்தாள். இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது வேற நாய் டாக்டர்."

"அதே நாய்தான் அக்கா."

இடது படத்தில் உருண்டை குழிக்குள் இருந்தது. வலது படத்தில் பாதி வெளியே நின்றது.

"என் கையில அது அசையவே இல்லையே."

"அசையலதான். தொடையைக் கல்லு மாதிரி இறுக்கிட்டு இருந்திருக்கு. தசை இழுத்துப் பிடிச்சா எலும்பு குழிக்குள்ளயே நிக்கும். தசை விட்டாத்தான் மூட்டு எவ்வளவு தொளதொளன்னு இருக்குன்னு தெரியும்."

"அது அமைதியா இருந்துச்சு."

டாக்டர் திரையை அணைத்தாள். "பயந்து போயிருந்துச்சு அக்கா. எந்திரிச்சா என்ன ஆகுமோன்னு படுத்திருந்துச்சு."

பெரியவர் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாளி காலியாக இருந்தது.

துரையின் தாயைப் பற்றி டாக்டர்தான் கேட்டாள். நான்கு பிரசவம், இருபத்தொன்பது குட்டிகள். பதினேழு குட்டிகள் பயிற்சி முடிந்து யார் யார் கையையோ பிடித்துச் சாலை கடந்துகொண்டிருந்தன. தாய்க்கு இப்போது பதினொரு வயது. பள்ளியிலேயே கடைசிக் கூண்டில் படுத்திருந்தது. ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள். குழி இருக்க வேண்டிய இடத்தில் தட்டையாக, தேநீர் சாஸர் மாதிரி ஏதோ இருந்தது. ஓரமெல்லாம் எலும்பு முள்முள்ளாக வளர்ந்திருந்தது.

"ஒவ்வொண்ணா வரச்சொல்லணும்" என்றாள் டாக்டர். "உங்க தம்பியோடதுல ஆரம்பிக்கலாமா?"

"கேட்டுச் சொல்றேன்."

அன்று மாடியில் உட்கார்ந்து கீழே காது கொடுத்துக் கேட்டாள். துரை கூடத்தைக் கடக்கும் நகச் சத்தம். மூன்று தட்டல், பிறகு ஒரு இழுவை. மூன்று தட்டல், ஒரு இழுவை. இந்தச் சத்தத்தை அவள் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தரை வழுக்குகிறது என்று ஒரு விரிப்பு வாங்கிப் போட்டவளும் அவள்தான்.

கீழே இறங்கினாள். தம்பி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"துரை கால் எப்படிடா இருக்கு?"

"என்னைக் கேட்டா? கண்ணு உனக்குத்தானே இருக்கு." சிரித்தான். பிறகு, "நான் பிடிக்கிற கைப்பிடி மட்டும் கொஞ்ச நாளா இடப்பக்கமா இறங்குது. முதுகுப்பட்டை நைஞ்சுபோச்சு போல" என்றான்.

"எத்தனை நாளா?"

ஊசியை நூலில் தொங்கவிட்டான்.

"சொல்லுடா."

"போன வாரம் ரோட்டு நடுவுல உக்காந்துட்டார். பஸ்காரன் ஜன்னல் வழியா என் பரம்பரையையே திட்டினான். துரைக்கு ஏதோ யோசனைன்னு நானும் நின்னேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவீங்க. அடுத்த நாய் வர்ற வரைக்கும் ஆறு மாசம் குச்சியைத் தட்டிட்டு நான் வீட்டுலயே சுத்தணும்." பல்லால் நூலைக் கடித்தான். "அதுவும் இல்லாம, நீ எடுத்த படம்க்கா. இடுப்பு நல்லாருக்குன்னு நீதானே சொன்னே. பட்டையை மாத்தித் தா, போதும்."

பட்டையை மாற்றிக் கொடுத்தாள். டாக்டர் துரையை வரச்சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவனுக்குத் தெரியாமல் பத்தடி பின்னால் நடந்தாள். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் பச்சை விளக்கு விழுந்து, கூட்டம் இறங்கி, தம்பியும் இறங்கினான். நான்காவது வரிசையில் துரையின் பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. முன்னங்கால்கள் இன்னும் நடக்கப் பார்த்தன. தம்பி கைப்பிடியை விடாமல், முகத்தைச் சற்றுத் தூக்கி, யாரோ பேசி முடிக்கட்டும் என்பதுபோலக் காத்திருந்தான். விளக்கு மாறியது. ஹாரன்கள் ஒன்றுசேர்ந்து எழுந்தன. அவள் ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் துரை எழுந்து அவனை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது.

அவள் மூச்சு வாங்கும் சத்தம் தம்பிக்குக் கேட்டது. "அக்காவா?"

"ஆமா."

"எத்தனை நாளா பின்னாடி வர்றே?"

"மூணு நாளா."

"சரி வா. இன்னைக்கு லீவு சொல்லிடறேன்" என்றான்.

பள்ளியில் அவனை வெளி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முதுகுப்பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். உள்ளே டாக்டர் ஊசி போட்டாள். துரையின் கண் பாதி மூடியது. நாக்கு ஓரமாகச் சரிந்தது. இந்த முறை முனக வேண்டியிருக்கவில்லை. அவள் கால்களைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருடங்களில் அவள் கைக்குப் பழக்கமில்லாத ஒரு இளக்கம். உள்ளே எதுவோ இடம் விட்டு வழுகியது. சின்னதாக ஒரு 'டொக்'. பெரியவருக்கும் கேட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை.

படம் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்த பிறகும் நின்று பார்த்தாள். டாக்டர் பதினேழு வீடுகளின் முகவரிப் பட்டியலைத் திறந்து முதல் வரிக்கு எதிரே ஒரு கோடு போட்டாள். மீதி வரிகள் பக்கத்தின் அடிவரைக்கும் இருந்தன.

வெளியே வந்தாள்.

"போச்சாக்கா?"

"போச்சு. ரெண்டு பக்கமும்."

"இந்தத் தடவை சரியா எடுத்தியா?"

"சரியாத்தான் எடுத்தோம்."

"அப்பவும் சரியாத்தான் எடுத்தே." குரலில் கோபம் இல்லை. கணக்கு சரிபார்க்கிற குரல். "எப்ப முழிக்கும்?"

"சாயந்திரம் ஆகும். இன்னைக்கு இங்கேயே இருக்கட்டும். இனிமே இங்கேதான்."

அவன் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவள் முழங்கையைப் பிடித்தான். வாசலுக்கு வெளியே இருந்ததும் அகலமான சாலைதான். இங்கே விளக்கு இல்லை. நடைபாதை விளிம்பில் இருவரும் நின்றார்கள். மத்தியானம். ஒரு லாரி போனது, அதன் பின்னால் தூசி போனது. பிறகு ஒன்றுமில்லை.

"வா" என்றாள்.

அவன் கால் எடுக்கவில்லை.

"வண்டி வரலையா?"

"வரல."

"நல்லாப் பார்த்தியா?"

இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கக் கோடியில், தார் பளபளக்கிற இடத்தில், ஒரு புள்ளி. நிற்கிறதா வருகிறதா என்று தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"அக்கா?"

"இரு" என்றாள். மறுபடி இடப்பக்கம் பார்த்தாள்.