ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகன் வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்தேன். முதல்நாள் வைத்த மீன்குழம்பின் வாசனை முகத்தில் அடித்தது. மருமகள் ஓடி வந்து, "இருங்கத்தே, சூடு பண்ணித் தரேன்," என்றாள். வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஆறிய சோற்றில் ஆறிய குழம்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சூடான குழம்பு சாப்பிட்டால் எனக்கு இந்த வயதிலும் ஏதோ திருடித் தின்பதுபோலத்தான் இருக்கிறது.

இந்த வீட்டில் வாரத்துக்கு இரண்டு ஓய்வுநாள். ஜோகூரில் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆகவே பேரப்பிள்ளைகள் அன்றைக்கு வீட்டில் கூத்தடிப்பார்கள். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, அவனுக்கு ஞாயிறு. இரண்டு நாளும் மருமகளுக்கு இடுப்பொடிகிறது. ஓய்வுநாள் இரண்டிருந்தும் ஓய்ந்து உட்கார்ந்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை, என்னைத் தவிர.

எங்கள் அப்பா இருந்திருந்தால் இதைப் பார்த்து மனம் நொந்திருப்பார். இதே ஜோகூரில் பாலோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில் நான் பிறந்தேன், ரப்பரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ரப்பர்த் தகடுகளைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையில் அப்பாவுக்கு வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புகைவாசனை அவரோடு கூடவே வரும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேதத்தையும் ஒரு கம்பளியையும் மட்டும் கொண்டு கப்பலேறியவர். கம்பளி கிழிந்துபோயிற்று. ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க வேண்டும் என்ற கட்டளையில் மட்டும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

ஞாயிறென்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அரிவாள்மணை சுவரில் தொங்கும். துணி துவைப்பது, தலையில் பேன் பார்ப்பது, ரயிலேறுவது எதுவும் கிடையாது. தோட்டத்தில் வேதக்கோயில் இல்லாததால், அக்கம்பக்கத்து வேதக்காரக் குடும்பங்கள் எங்கள் வீட்டில்தான் கூடும். அப்பா ஜெபம் நடத்துவார், அவர் பாட்டு எப்போதும் அரைக்கட்டை கீழே இறங்கித்தான் நிற்கும். அதற்குப் பிறகு பகல் முழுவதும் ஒரே அமைதி. அந்த அமைதியில் கித்தாக்கொட்டைகள் வெயிலில் பட்பட்டென்று வெடிக்கும். அவற்றைப் பொறுக்கி விளையாடக் கூடாது. எனக்குக் கை அரிக்கும். ஒரு தடவை, "ஞாயித்துக்கெழம கொட்ட வெடிக்குதே, அது பாவம் இல்லையாப்பா?" என்று கேட்டேன். அப்பா சிரிக்கவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, "அது மரத்துக்கும் கர்த்தருக்கும் உள்ள வெவகாரம், பாப்பா," என்றார்.

இத்தனைக்கும் சேர்த்துச் சனிக்கிழமையே உழைத்துத் தீர்ப்பது அம்மா. அரைப்பதும் ஆக்குவதும் போக, சரிவுக்குக் கீழே இருந்த கிணற்றிலிருந்து மறுநாளுக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமப்பாள். இருந்த பாத்திரமெல்லாம் நிரப்பி வைத்தாலும், ஜெபத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு செம்பு குடித்தால் மத்தியானத்துக்குள் பானையின் அடி தெரிந்துவிடும். அப்புறம் பொழுது சாயும்வரை நாங்கள் தொண்டை காய்ந்து கிடப்போம். ஓய்வுநாளின் மகிமையை அந்த நேரத்தில் நான் உணர்ந்ததாகச் சொன்னால் அது பொய்.

அங்கேதான் அஞ்சலை வந்தாள். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் எங்கள் சுவருக்கு அடுத்த வீடு. பால்மரம் சீவுபவள். அவள் புருஷன் கோவிந்தன் அப்பாவோடு புகைக்கொட்டகையில் வேலை செய்தான். என் தம்பி பிறந்திருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பச்சை உடம்போடு தாகமாகக் கிடப்பதைக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "ஒங்க சாமி ஒங்களத்தான வேல செய்யக் கூடாதுன்னாரு? என்னய ஒண்ணும் சொல்லலியே அக்கா," என்றாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு குடம்.

அம்மா சும்மா வாங்கிக்கொள்கிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை அஞ்சலைக்கு விரதம். மரம் சீவி, பால் எடுத்து, ஓய்ந்து வருகிறவளுக்காக அம்மா வெந்நீர் போட்டு வைப்பாள். அவள் எண்ணெய் தேய்த்துக் குளித்து மாரியம்மன் கோயிலுக்குப் போய் வருவதற்குள், அவள் வீட்டு அடுப்பிலேயே சோறும் பருப்பும் ஆக்கிவிடுவாள். எங்கள் வீட்டு மீன்வாசனை ஒட்டிவிடக் கூடாதென்று கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அந்த அடுப்படிக்குள் நுழைவாள். ஞாயிறு இவளுக்கு அவள், வெள்ளி அவளுக்கு இவள். கோயிலும் வேதமும் பேசாமல் இரண்டு பெண்கள் போட்டுக்கொண்ட ஏற்பாடு இது.

இதில் இன்னொன்றும் உண்டு. அஞ்சலையின் ஊரில் அவளுடைய ஆட்கள் தொட்ட தண்ணீரை மற்றத் தெருக்காரர்கள் குடிக்கமாட்டார்கள். எல்லாரும் ஒரே கப்பலில் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்துத்தான் மலாயாவுக்கு வந்தார்கள். இருந்தாலும் கரையேறியதும் சிலருக்கு ஊர்ஞாபகம் வந்துவிட்டது. கிணற்றடியில் இவள் இறைத்து முடிக்கும்வரை ஒதுங்கி நிற்பவர்கள் எங்கள் லயத்திலும் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி அஞ்சலை சொல்லுவாள்: "ஞாயித்துக்கெழமன்னா அக்கா வீட்டுல எங்கொடத்துத் தண்ணிதான்." அந்தக் குடம் அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எப்போதாவது குளுவாங்கிலிருந்து ஓர் உபதேசியார் வருவார். இளவயது, மெல்லிய குரல். அவரும் ஞாயிற்றில் ரயிலேறமாட்டார், ஆகவே சனிக்கிழமை வந்து திங்கட்கிழமைதான் போவார். அப்படி ஒரு ஞாயிறு, அவர் ஆறிய சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அஞ்சலை குடத்தோடு வந்தாள். உபதேசியார் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த மனிதர்மேல் பழி வரக் கூடாது. குடித்துவிட்டு, அவள் போனபிறகு அப்பாவிடம் கேட்டார்: "இந்த அம்மாவுக்கு ஓய்வு என்னைக்கு?"

உபதேசியார் நிதானமாக விளக்கினார். அந்தக் கட்டளை வீட்டு எசமானுக்கு மட்டும் சொன்னதில்லை, வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் வாசலுக்குள் இருக்கிற அந்நியனுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது, அடிமைப்பட்டுக் கிடந்த ஜனங்களுக்கு மூச்சுவிடக் கொடுத்த நாள் அது, நம்முடைய ஓய்வை இன்னொருத்தர் தோளில் ஏற்றிவிட்டால் அது ஓய்வுநாளாகாது என்றார். மரம் சீவாத நாள் அஞ்சலைக்கும் அந்த ஞாயிறு ஒன்றுதான். இன்றைக்கு யோசித்தாலும் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

அப்பாவுக்கு ஒன்று சரியென்று பட்டுவிட்டால் உடும்புப்பிடிதான். "இனிமே அந்தப் பொண்ணு தண்ணி கொண்டாரக் கூடாது," என்றார்.

அம்மா கேட்டாள்: "அப்ப ஞாயித்துக்கெழம ஒங்களுக்குப் பதிலா பொகக்கொட்டாய்ல நெருப்பு பாக்குறாரே கோவிந்தன், அவருக்கு?"

"அது தொரை போட்ட ஏற்பாடு புள்ள. நான் என்ன செய்ய?"

"இது நாங்க போட்ட ஏற்பாடு. நானே பக்குவமா சொல்லிக்கிறேன், நீங்க வாயத் தெறக்காதீங்க."

அம்மா பக்குவம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரம் ஓடிவிட்டது. அடுத்த ஞாயிறு ஜெபம் முடிந்து எல்லாரும் வெளியே வரும் நேரம், அஞ்சலை குடத்தோடு வாசலுக்கு வந்தாள். அப்பா முந்திக்கொண்டார். "நீ கொண்டார தண்ணி இனிமே எங்களுக்கு வேண்டாம்மா." அவ்வளவுதான் சொன்னார். பிறத்தியார் ஓய்வைக் கெடுக்கிறோமே என்ற வெட்கம் அவருக்கு, வெட்கத்தில் சொல் கட்டையாக வந்துவிட்டது. அத்தனை பேர் நின்று பார்த்தார்கள். அஞ்சலை குடத்தைச் சாய்த்து எங்கள் வாசல் வாழையடியில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள். அப்பாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. "பாவம், அவளும் செத்த நேரம் ஒக்காரட்டும்," என்று உள்ளே போனார்.

அம்மா பின்னாலேயே ஓடினாள். நானும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். "கோவிச்சுக்காத அஞ்சல. எங்க வேதத்துல அப்படி இருக்கு," என்றாள். பதற்றத்தில் அம்மாவுக்கு வந்தது அவ்வளவுதான். அதைவிட அவள் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்.

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். "ஓ, அங்கயும் எழுதி வச்சிருக்காங்களா," என்றாள். பிறகு, "போங்கம்மா, ஒங்கள ஜெபத்துக்குத் தேடுவாங்க," என்றாள்.

ஜெபம் முடிந்துவிட்டிருந்தது. அம்மாவைக் குத்தியது அதுவல்ல, 'அக்கா' போய் 'அம்மா' வந்ததுதான். வெள்ளிக்கிழமை அம்மா வழக்கம்போல் வெந்நீர் போடப் போனாள். கதவு சாத்தியிருந்தது. "நான் பாத்துக்கிறேம்மா," என்று உள்ளிருந்தே பதில் வந்தது. அம்மா விடவில்லை, இன்னொரு நாள் கிணற்றடியில் பிடித்து, உபதேசியார் அந்தத் தண்ணீரைக் குடித்ததையும் வேலைக்காரரையும் மாட்டையும் அந்நியனையும் எல்லாம் விவரமாகச் சொன்னாள். அஞ்சலை கேட்டுவிட்டு, "சரிம்மா," என்றாள். பட்ட இடத்தில் விளக்கம் ஏறுமா? அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் மட்டும்தான் இருந்தது. இந்தப் பக்கம் பாத்திரம் உருட்டினால் அந்தப் பக்கம் கேட்கும், அவ்வளவுதான் போக்குவரத்து.

அப்பாவுக்கு நடந்தது புரிய வெகுநாள் ஆயிற்று. கோவிந்தன் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியபிறகுதான் புரிந்தது. புரிந்தபோது போய்ச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. நல்ல மனிதர்கள் சிலருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. எங்கள் அப்பா அந்த ஜாதி.

பிறகு கித்தா விலை விழுந்தது. தோட்டந்தோட்டமாக ஆட்களைக் குறைத்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கோவிந்தன் குடும்பத்துக்கும் கப்பல் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்களைப் பாலோ ரயிலடிக்குக் கொண்டுபோகும் லோரி வந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெபத்தின் நடுவில், எல்லாரும் முழங்காலில் இருந்தபோது, லோரியின் சத்தம் கேட்டது. அம்மா எழுந்தாள். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார், ஜெபத்தை நிறுத்தவில்லை, அம்மாவையும் நிறுத்தவில்லை. நானும் எழுந்து ஓடினேன்.

லோரியில் மூட்டைகளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "அஞ்சல, கொஞ்சம் தண்ணி குடு," என்றாள்.

சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பத்தடியில் எங்கள் வீடு, வீடு நிறையச் சனிக்கிழமை இறைத்த தண்ணீர். ஆனால் அஞ்சலைக்குப் புரிந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பின்னால் திரும்பி மூட்டைகளுக்குள் கையை விட்டுத் துழாவினாள். பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று கவிழ்த்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரம் முடிச்சோடு போராடினாள். கோவிந்தன், "வுடு, வண்டி கெளம்புது," என்றான்.

"எல்லாத்தையும் கொட்டிட்டு வந்துட்டேனே," என்றாள் அஞ்சலை. அக்கா என்றும் சொல்லவில்லை, அம்மா என்றும் சொல்லவில்லை. லோரி நகர்ந்தது. அம்மா ஏந்திய கையை இறக்காமல் தெருவிலேயே நின்றாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது ஜெபம் முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். அப்பா மட்டும் வாசற்படியில் இருந்தார். "குடுத்தாளா?" என்று கேட்டார்.

"இல்ல. கொடத்துல தண்ணி இல்ல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா உள்ளே போய், லயமே பார்க்கக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமையில் அம்மா தண்ணீருக்குப் போனது அதுதான் முதல் தடவை.

அந்த லயம் இன்று இல்லை. எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள், கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள் என்று அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் சொன்னார்கள். ஆறிய குழம்பைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தப் பகல்நேர அமைதியை எங்கே போய்த் தேடுவது என்று எனக்கும் தெரியவில்லை. அது போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அஞ்சலையின் குடம் இல்லாமல் அந்த அமைதியை நாங்கள் அனுபவித்திருக்க முடியுமா என்றும் தெரியவில்லை. அவள் ஊர் போய்ச் சேர்ந்தாளா, பிள்ளைகள் பிழைத்தார்களா, ஒரு தகவலும் இல்லை.

அப்பா கண்மூடும்வரை ஓய்வுநாளைக் கைக்கொண்டார். அம்மா கைக்கொண்டது வெள்ளிக்கிழமையை. கடைசிக்காலத்தில் என்னோடு இருந்தபோதும், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தவலை வெந்நீர் போட்டுவிடுவாள். குளிக்க ஆள் வேண்டாமா? "ஏம்மா இது?" என்று கேட்டால், "வேலைக்குப் போனவங்க வந்தா வேணும்ல," என்பாள். பொழுது சாயும்போது அது ஆறிப்போயிருக்கும். பிறகு அவளே எடுத்துக் கீரைப்பாத்தியில் ஊற்றிவிடுவாள்.