நாலு டிகிரி அக்கா

எங்கள் சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டியின் சாவி ஒரே ஒருவர் இடுப்பில்தான் இருக்கும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நாலு டிகிரி அக்கா’. பெட்டிக்குள் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினாலும், எட்டுக்கு மேலே ஏறினாலும் மருந்து கெட்டுவிடும். காலையிலும் மாலையிலும் வெப்பமானியைப் பார்த்து, பெட்டியில் தொங்கும் அட்டையில் எழுத வேண்டும். அக்காவின் அட்டையில் எப்போதும் நாலுதான். பெட்டியே அவருக்குப் பயந்து நாலில் நிற்கிறது என்று முதலில் கிண்டல் செய்தவன் நான். மருந்துக் கவுண்டர் என்னுடையது.

பயப்பட வேண்டிய ஆள்தான். பதினெட்டு வயதில் தரை துடைக்க வந்து, வேலைக்கு நடுவே பரீட்சை எழுதி, பெட்டிக்குப் பொறுப்பாளராக உயர்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “ஒரு பெட்டியக் கட்டி மேய்க்கறதே பெரும்பாடா இருக்கு, இதுல இன்னொண்ணு வேறயா?” என்பார். தங்கையும் தங்கை கணவரும் அவர்களுடைய கைக்குழந்தையும் அக்கா வீட்டில்தான் இருந்தார்கள். தடுப்பூசிப் பெட்டிக்குள் யாராவது குடிதண்ணீர் பாட்டிலை வைத்தால் தொலைந்தார்கள். பெரிய டாக்டருடைய பாட்டிலையே ஒரு தடவை எடுத்து வெயிலில் வைத்தவர் அவர்.

அவ்வளவு கறாரான ஆள் செய்த தப்பையும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு விடுமுறை. ஆனால் அட்டையில் கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்திலிருந்து சோதிக்க வருபவர்கள் குதிப்பார்கள். அதனால் ஞாயிறு கட்டத்தைச் சனிக்கிழமையே நிரப்பிவிடுவது எங்கள் வழக்கம். அக்கா விடுப்பில் போனபோதெல்லாம் நானும் அதைச் செய்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை, மறுநாள் முழுக்க மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு வந்தது. கூடுதலாகக் குளிர்ந்திருந்தால் பெட்டி தாங்கும் என்று நினைத்து அக்கா குளிரைக் கூட்டும் குமிழைக் கடைசி எண் வரை திருகினார். ஞாயிறுக்கும் ‘4, 4’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மின்சாரம் நிற்கவே இல்லை. திங்கள் காலை வெப்பமானி மைனஸ் மூன்று காட்டியது.

உறைந்த மருந்து விஷமாகாது, வீணாகிவிடும். உறைந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அக்கா ஒரு குப்பியை வேண்டுமென்றே ஐஸ் அறையில் போட்டுக் கல்லாக்கினார். செவ்வாய் காலை அதை உருகவிட்டு, பெட்டியிலிருந்த இன்னொரு குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் ஜன்னல் விளிம்பில் வைத்தார். நல்ல மருந்து நெடுநேரம் பால் மாதிரி கலங்கியே நிற்கும். உறைந்தது சீக்கிரமே மேலே தெளிந்து, அடியில் வண்டலாகப் படியும். அரை மணி நேரத்தில் இரண்டு குப்பிகளும் ஒன்றுபோலத் தெளிந்து நின்றன.

அன்று ஊசி போடும் நாள். வெளியே நூற்றுப்பன்னிரண்டு குழந்தைகள். பக்கத்துக் குடியிருப்பில் தொண்டை அடைப்பான் பரவி, முந்தின வாரம்தான் ஒரு குழந்தை செத்திருந்தது. தாய்மார்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்கள்.

பெரிய டாக்டர் அக்காவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

“போட்டுடுங்க. இதனால யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

“ஒண்ணும் ஆகாதுங்கறதுதான சார் பிரச்சனை? நோய் வந்தா தடுக்கவும் தடுக்காதே.”

“எனக்குத் தெரியாதா? இன்னைக்குத் திருப்பி அனுப்பினா பாதிப் பேர் மறுபடி இந்தப் பக்கமே வர மாட்டாங்க. மருந்தே கெட்டதுன்னு புரளி கிளம்பிடும். புது மருந்து வந்ததும் ‘கூடுதல் தவணை’ன்னு கூப்பிட்டுப் போட்டுடலாம். உங்க அட்டையும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அது சரி என்றே பட்டது. மறைக்க என்ன இருக்கிறது? அக்காவும் தலையைக் குனிந்து கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் டாக்டர், நல்ல மனதோடுதான், இன்னொன்று சொன்னார்.

“உங்க தங்கச்சி குழந்தையும் இன்னைக்கு லிஸ்ட்ல இருக்குல்ல? அத மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க. நான் ஃபோன் பண்ணிச் சொல்றேன்.”

அக்கா நிமிர்ந்தார். “அப்ப மத்த நூத்திப் பதினோரு குழந்தைங்க தவிட்டுக்கு வாங்கினதா சார்?”

அக்கா இரண்டு குப்பிகளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். நான் குறுக்கே போய், “அக்கா, அட்டைய வச்சுட்டுப் போங்க. சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்காதீங்க” என்றேன்.

“பாதி உண்மைய சொல்றதுக்கு நான் வாயையே தொறக்க வேணாம் தம்பி. நகரு.”

வெளியே போய் எல்லோரும் பார்க்கும்படி குப்பிகளைத் தூக்கிப் பிடித்தார். “மருந்து உறைஞ்சு போச்சு. இதக் குத்தினா குழந்தைக்கு வலி மட்டும்தான் மிச்சம். உறைய வச்சது நான். ஞாயித்துக்கிழமை பாக்காமலே நாலுன்னு எழுதினதும் நான்தான்.”

மழையாகக் கொட்டியது வசவு. தையல் ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண், இடுப்புக்கு ஒன்றாக இரட்டைக் குழந்தைகளுடன் முன்னால் வந்து கத்தினாள். “ஒரு நாள் லீவுக்கு நான் எத்தன பேர் கால்ல விழுந்தேன்னு தெரியுமா உனக்கு? நீயெல்லாம் எதுக்கு சம்பளம் வாங்கற?”

“திட்டும்மா. நல்லாத் திட்டு. ஆனா வெள்ளிக்கிழமை வா. நான் எப்படியாவது மருந்த வர வைக்கறேன். வந்து, ஊசி போடறதுக்கு முன்னாடி ஆட்டிக் காட்டச் சொல்லு. காட்டலன்னா குழந்தையக் குடுக்காத.”

அக்காவுக்குக் குரல்கூட நடுங்கவில்லை.

அன்று மதியமே தலைமைக் கிடங்குக்குப் போனார். அதிகாரி கையெழுத்துப் போடும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மருந்துக்கான உத்தரவுடன் திரும்பியபோது, அவருடைய தற்காலிகப் பணிநீக்க உத்தரவு மேசையில் காத்திருந்தது. விசாரணை முடியும்வரை நிலையத்தின் எந்தக் காகிதத்தையும் தொடக்கூடாதாம். பெட்டியில் கோளாறு என்று எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று கிளார்க் காதில் ஓதினார். அக்கா அட்டையை எடுத்து, ஞாயிறு கட்டத்தின் இரண்டு நாலையும் அடித்து, ‘பார்க்கவில்லை’ என்று எழுதினார். சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றவள் இரட்டைக் குழந்தைகளின் அம்மா.

“ஆட்டிக் காட்டுங்க” என்றாள்.

புதுக் குப்பியையும் அந்தப் பழைய குப்பியையும் சேர்த்துக் குலுக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அரை மணி நேரம் யாரும் முணுமுணுக்கவில்லை. பழையது தெளிந்தது, புதியது கலங்கியே நின்றது. அதன் பிறகுதான் குழந்தைகளைக் கொடுத்தார்கள்.

வரிசையின் கடைசியில் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா நின்றார். ஊசி பட்டதும் குழந்தை ஊரைக் கூட்டியது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“எத்தன பேர் வரல?”

“பதினாலு.”

“லிஸ்ட்டக் குடு.”

“அக்கா, நீங்க எந்தப் பேப்பரையும் தொடக் கூடாது. உத்தரவு.”

“வேலை செய்யாதன்னுதான் எழுதியிருக்கான், நடக்காதன்னு எழுதலயே. பேப்பர நீயே வச்சுக்கோ. படி, கேட்டுக்கிட்டு நான் வீடு வீடாப் போய்க் கூப்பிடறேன்.”

அடுத்த அறையில் பெரிய டாக்டர் இருந்தார். நடுக்கதவு திறந்தே கிடந்தது. பதினாலு வீட்டு விலாசத்தையும் அவருக்கும் கேட்கட்டும் என்றே உரக்கப் படித்தேன்.