என் உலைப் பானையில் சோதித்த மீட்டர்

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதைச் சொன்னதும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் மன்னார்குடிப் பக்கம் அறுவடை மெஷின் படுத்துவிட்டால் முதல் வீடியோ கால் அவனுக்குத்தான் வரும். மெஷினைச் சுற்றிக் காட்டச் சொல்லி, கோளாறு இன்ன இடம் என்று போனிலேயே விரலால் சுட்டிவிடுவான். டூல்ஸ் பெட்டியையும் கனத்த வெல்டிங் சிலிண்டரையும் பைக்கில் கட்டிக்கொண்டு போய் வயலோரம் எத்தனை முறை விழுந்திருக்கிறான் தெரியுமா? அதனால்தான் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்குமாக ஒரு வருடம் அலைந்து கார் லைசென்ஸ் வாங்கினான். பிறகு பழைய சின்னக் கார் ஒன்றையும் வாங்கினான்.

போன கோடையில் அதிராம்பட்டினத்திலிருந்து வரும் வழியில் ரேடியேட்டர் ஒழுகி வண்டி கொதித்துவிட்டது. அந்தக் காரில் தண்ணீர்ச் சூட்டைக் காட்ட முள் எதுவும் கிடையாது. ஒரு சிவப்பு விளக்குதான், அதுவும் செத்துப் போயிருந்தது. புஸ்ஸென்று ஆவி கிளம்பியதும், ரோட்டோரம் இருந்தவர்கள் கத்தியதும் அவனுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியை ஆவி மறைத்த பிறகுதான் நிறுத்தியிருக்கிறான். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும்படி ஆகிவிட்டது. இதையெல்லாம் என் சமையலறையில் நின்று கையாலேயே சொல்லிவிட்டு, அப்பாவிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். நான் அன்று சாயங்காலமே அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பயந்துவிட்டேன், வேறென்ன. என் வாய் அப்படி.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டில் தம்பியோடுதான் இருக்கிறார். இன்ஜின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் பிடித்துவிடுவேன் என்பது அவருடைய பெருமை. அன்றைக்கே சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இன்ஜின் பேசும்மா. அது பேசறது கேக்காதவன் எப்படி வண்டி ஓட்டுவான்?" என்று என்னிடம்தான் சொன்னார். அவனிடம் அவர் பேசுவதே இல்லை. கத்துவார். இத்தனை வருடத்தில் அவனுக்காக ஒரு தடவை கையைத் தூக்கி ஜாடை காட்டியதில்லை. தம்பி சண்டை போடவில்லை. பெட்டியை மறுபடியும் பைக்கில் கட்டினான்.

ஒரு மாதம் கழித்து அவனுக்கு ஒரு பார்சல் வந்தது. கைக்கடிகார அளவில் ஒரு மீட்டர், அதிலிருந்து நீளமாக ஒரு மெல்லிய செம்புக் குழாய், அதன் நுனியில் பித்தளைக் குமிழ். அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்குள் வந்தான். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் அரிசி களைந்து திரும்புவதற்குள் குமிழை உலைக்குள் விட்டுவிட்டான்! சோற்றுப் பானையில் கண்டதையும் போடுவாயா என்று நான் தாம்தூம் என்று குதித்தேன். அவன் என் வாயைப் பார்க்கவே இல்லை, அதுதான் அவனுக்குள்ள வசதி. மீட்டரைத்தான் பார்த்தான். முள் மெதுவாக ஏறி, நூறில் போய் அசையாமல் நின்றது. என்னைத் தொட்டுக் கூப்பிட்டுக் காட்டினான். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என்றாலும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு உலைதான் வைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாசலில் காரை வைத்து வேலையை ஆரம்பித்தான். ரேடியேட்டர் தண்ணீரை ஒரு பேசினில் வடித்தான். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேல் ஹோஸை அளந்து, ஒரே இடத்தில் அறுத்து, நடுவே ஓட்டை போட்ட ஒரு அலுமினியக் குழாயைச் சொருகி இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினான். அந்த ஓட்டையில் குமிழைத் திருகினான். செம்புக் குழாயை மடக்கவோ வெட்டவோ கூடாதாம், லேசாக ஒடிந்தாலும் மீட்டர் செத்துவிடுமாம். இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டின் ஓட்டை வழியாக அது காருக்குள் வரும் இடத்தில் விளிம்பு அறுத்துவிடும் என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக வைத்தான். நானும் எத்தனையோ பேர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். வேலையை இவ்வளவு மரியாதையாகச் செய்கிறவனைப் பார்த்ததில்லை. மீட்டரைக் கண்ணாடிக்குக் கீழே, சாலையைப் பார்க்கும்போதே கண்ணில் படுகிற இடத்தில் பொருத்தினான். என் மகளின் நகப்பூச்சை வாங்கி, நூறைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு இழுத்தான்.

ஸ்டார்ட் பண்ணச் சாவி வேண்டுமே. அப்பா வந்து தானே ஸ்டார்ட் பண்ணிவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். தம்பி ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீர் ஊற்றினான். ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பார்த்தும், ஜன்னல் வழியாக மீட்டரை எட்டிப் பார்த்தும் நின்றவன், முள் தொண்ணூறுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றதும் சிரித்தான். அப்பா வண்டியை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்பா மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் போட்டுக் கொடுத்தவளே நான்தான், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

தை மாதம் முத்துப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். நான் விடாமல் அரித்து எடுத்ததில் அப்பா அந்த ஒரு நாளைக்கு மட்டும் சாவியைக் கொடுத்தார். தம்பி ஓட்ட, அப்பா பக்கத்தில் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார். நானும் மகளும் பின்னால். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது உச்சி வெயில். வழியில் நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னால் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டை அடைத்து நின்றன. நாங்களும் நின்றோம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தன் பஸ் கதை ஒன்றை ஆரம்பித்திருந்தார். அதற்கு நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, தம்பி சட்டென்று ஏசியையும் இன்ஜினையும் அணைத்துவிட்டான்.

எதற்கு அணைத்தாய் என்று அப்பா அவன் முகத்துக்கு நேரே கத்தினார். தம்பி மீட்டரைக் காட்டினான். முள் சிவப்புக் கோட்டைத் தொட ஒரு மயிரிழைதான் பாக்கி. இறங்கி பானெட்டைத் திறந்தான். ரேடியேட்டர் ஃபேனுக்கான ஃபியூஸ் போயிருந்தது. இவ்வளவு சூட்டில் இரைச்சல் போட்டுச் சுற்ற வேண்டிய ஃபேன் சுற்றவே இல்லை. காதுள்ள மூன்று பேர் உள்ளே இருந்தோம், ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. தம்பி சூடு தணியும்வரை காத்திருந்து, டேஷ்போர்டு பெட்டியிலிருந்து வேறு ஃபியூஸ் எடுத்து மாட்டினான். ஸ்டார்ட் பண்ணியதும் ஃபேன் சுற்றியது, முள் இறங்கியது.

அப்பா ரோட்டோரம் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஃபேன் சத்தம் இல்லங்கறது எனக்குத் தெரியவே இல்லம்மா" என்றார். "பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

வீடு வந்து சேர்ந்தோம். இறங்கியதும் தம்பி தானாகவே சாவியை அவரிடம் நீட்டினான். அப்பா வாங்கவில்லை. வலது கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, அந்த முள்ளைப் போலவே மெதுவாகச் சாய்த்து நிறுத்தினார். பிறகு தன் கண்ணைத் தொட்டார். அப்புறம் தம்பியின் சட்டைப் பையைத் தொட்டார்.

தம்பி அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அழுதுவிட்டேன், சொல்வதில் என்ன வெட்கம். கொஞ்ச நேரம் கழித்து அவன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பைக்கில் கட்டியிருந்த டூல்ஸ் பெட்டியை அவிழ்த்துக் கொண்டுவந்து கார் டிக்கியில் வைத்தான்.