மண்ணீரல் ஊசியும் மேரியம்மாளின் சந்தேகமும்

விரலைக் குத்தி ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் உத்தியோகம். குத்துகிறவனை நம்பி யாரும் கை நீட்டுவதில்லை என்பது குத்துப்பட்ட உங்களுக்கே தெரியும்.

சொட்டு எங்கே போகிறது?

யுத்த காலம். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்கு ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தத்தைச் சேர்த்துப் பட்டாளத்துக்கு அனுப்புகிறோம் என்று ஊரில் பேச்சு. காய்ச்சலோடு வந்த, வேர்க்கடலை விற்கும் ஒரு மல்லாட்டைக்காரர் கையை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டார். ஒரே சொட்டுதான், கண்ணாடித் துண்டில் தடவிவிடுவேன் என்று கெஞ்சி, எடுத்துத் தடவியும் காட்டினேன். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் அந்தாண்ட போனப்புறம் வழிச்சி எடுத்துக்க மாட்டீங்கன்னு என்னா நிச்சயம்?"

கொய்னா

பிறகு விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். அங்கே வந்தவர் சின்னப்பன். பட்டணத்தில் மூட்டை தூக்கிவிட்டு வளவனூருக்குத் திரும்பியவர். மூன்று மாதக் காய்ச்சல். உடம்பு வற்றி, தோல் கறுத்து, மண்ணீரல் வீங்கித் தொப்புள்வரை வந்திருந்தது. மலேரியாவுக்கான கொய்னா மருந்து கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை. ரத்தத்தில் மலேரியாவும் தெரியவில்லை. நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று டாக்டருக்குச் சந்தேகம். மருந்தைக் கீழே கொட்டுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். அவர் மனைவி மேரியம்மாளிடம் கேட்டேவிட்டேன்.

"கொட்டறதுக்கா வளவனூர்லேர்ந்து நடந்து வர்றேன்? நீங்களே அவரு வாயில ஊத்திட்டுப் போங்க!"

சாயமா, கிருமியா?

டாக்டர் மண்ணீரலில் ஊசியைக் குத்தி ஒரு துளி எடுத்தார். சாயம் ஏற்றிப் பார்த்தேன். பெரிய வெள்ளை அணுக்களுக்குள் சின்னச் சின்ன முட்டைகள்போல. ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு சிறு கோடு. சாயத்தை நான் வடிகட்டவில்லை, அது அழுக்கு என்றார் டாக்டர். புதுச் சாயம் கரைத்து, வடிகட்டி, வேறொரு துண்டில் ஏற்றினேன். அதே உருவங்கள். அழுக்கென்றால் கண்ணாடி முழுக்கக் கிடக்க வேண்டுமே! இவை அநேகமாக வெள்ளை அணுக்களுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார். காலா அஜார், அதாவது கறுப்புக் காய்ச்சல் என்றார். வைத்தியம் பார்க்காவிட்டால் ஆள் தப்புவதில்லை. கிருமியைத் தின்ன வேண்டிய அணுவிலேயே இது ஒட்டிக்கொள்ளும், அணு விழுங்கினாலும் சாகாமல் உள்ளேயே பெருகும் என்று மேரியம்மாளுக்கு விளக்கினார்.

"அப்ப காவக்காரன் வூட்லயே திருடன் சோறு துன்னுக்கினு இருக்கானா?"

யாருடைய ரத்தம்?

மருந்து பட்டணத்திலிருந்து ரயிலில் வந்தது. இரண்டாவது ஊசிக்குச் சின்னப்பன் வாந்தி எடுத்தார். விஷம் ஏற்றுகிறோம் என்று மேரியம்மாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சைக்கிளில் போய்க் கூப்பிட்டேன். குடிசைக்குள் விடவில்லை.

மறுநாள் மேரியம்மாள் தனியாக வந்து, அந்தக் கிருமியைக் காட்டச் சொன்னார். முதலில் தன் கண் இமைதான் தெரிந்தது அவருக்கு. பிறகு கிருமி தெரிந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"இது எம் புருஷனோடதுதானா? வர்றவங்களுக்கெல்லாம் இதையேதான் காட்டுறீங்களா?"

நான் என் விரலைக் குத்தி, என் ரத்தத்தையும் சாயமேற்றி வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என்னுடையதில் அந்த முட்டைகள் இல்லை. அன்று சாயங்காலமே புருஷனை மாட்டுவண்டியில் கொண்டுவந்து படுக்க வைத்தார்.

ஊசி முழுக்கப் போட்டோம். காய்ச்சல் விட்டது, மண்ணீரல் சுருங்கியது. சின்னப்பன் தானே நடந்து வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேரியம்மாள் மட்டும் என் மேசையருகே நின்றார்.

"உங்க ரத்தத்தையும் அப்பப்ப பாத்துக்கோங்க சார். யாருகிட்ட என்னா ஒட்டிக்கினு இருக்குன்னு யாரு கண்டா?"

இத்தனை வருஷத்தில் நான் கிருமியை நம்பாமல் பார்க்கப் பழகினேன், ஜனங்கள் என்னை நம்பாமல் பார்க்கப் பழகினார்கள். இரண்டிலும் பெரிய தப்பு இருப்பதாக இப்போது தோன்றவில்லை.